நவ்பர் மேடைக்குக் கீழே படுத்திருந்த பாட்டு

பிள்ளைகளே, கீபோட் வாசிக்கப் பழகுவது எப்படி என்று நான் இதில் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் போனைப் பார்த்தே என்னைவிட நன்றாகப் பழகிக்கொண்டீர்கள். மகள், உன் வலது கையின் வேகத்துக்கு என் கை ஒருநாளும் வந்ததில்லை. மகன், நீங்கள் புதிதாகத் தொடங்கியிருக்கிற குழுவின் கிற்றார்காரப் பையன் என்னைக் காணும்போதெல்லாம், அந்த மேடை சரிந்த கதையைச் சொல்லுங்க சாச்சா என்று கேட்கிறான். அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறோம், டிரம் ஒன்று உருண்டு போகிறது, பின்னால் ஆட்கள் கூக்காட்டுகிறார்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நீங்களும் மேடை ஏறத் தொடங்கிவிட்டதால், அந்த வீடியோவில் தெரியாத பகுதியை எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஐந்து பேர் வாசித்தோம். அதில் ஜெயந்தனைத் தெரிந்தால் போதும். தம்பிலுவில்காரன், பாட்டும் அவன்தான், முன்கிற்றாரும் அவன்தான். ஆறாவது ஆள் நவ்பர். சாய்ந்தமருதுக்காரன், என் வயது, சவுண்ட் பார்ப்பவன். மேடையில் யாரும் அவனைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவன் இல்லாவிட்டால் எங்களில் ஒருவருடைய சத்தமும் பத்தடிக்கு அங்கால போகாது.

அன்றைக்குத் தம்பிலுவில் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தின் கிரிக்கெட் இறுதிப் போட்டி. கிண்ணம் கொடுத்து முடிந்ததும் எங்கள் நிகழ்ச்சி. மைதானம் கடலோரம், காலுக்குக் கீழே மணல். வெள்ளாமை வெட்டி முடிந்த காலம் என்பதால் உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டிகள் சும்மா கிடந்தன. எங்கள் பக்கத்து வழக்கப்படி இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து, பின்பக்கமும் பின்பக்கமும் முட்ட வைத்து, மேலே பலகை அடுக்கி மேடையாக்கியிருந்தார்கள்.

நெல் மூடை ஏற்றுகிற பெட்டிக்கு இரண்டே சில்லு, அதுவும் நடுவில். முன்னால் மெசினில் கொழுவுகிற இரும்புக் கம்பு நீண்டிருக்கும். மெசினைக் கழற்றினால் அந்த முன்பக்கத்துக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துவார்கள். முட்டுக்கட்டை அதைக் கீழே போகவிடாது. மேலே எழும்பாமல் பிடித்து வைக்க அதனால் முடியாது. பின்பக்கம் பாரம் கூடினால் முன்பக்கம் கிளம்பும், பின்பக்கம் மணலில் குத்தும். அதற்காகத்தான் பெட்டிக்காரர் இரண்டு பெட்டியின் முன்பக்கத்திலும் நாலு நாலு மணல் மூடைகளை ஏற்றி வைத்திருந்தார்.

"இந்த மூடையில ஆரும் கை வெச்சிராதீங்க தம்பி" என்று அவர் சொன்னது என்னிடம். நான் ஓம் என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், கடல் காற்றுக்கு, மேடைக்கு நிழலாகக் கட்டியிருந்த படங்கு ஒரு பக்கம் கிளம்பிப் படபடவென்று அடிக்கிறது. அது கிளம்புகிற நேரமெல்லாம் வெயில் நேரே என் கீபோட்டில் விழுகிறது. கட்டைகளில் கை வைக்க முடியாத சூடு, சின்னத் திரையில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கடன்பட்டு வாங்கிய கீபோட். மேடையில் யாரும் இல்லை. என் பக்கத்துப் பெட்டியில் இருந்த நாலு மூடைகளையும் இழுத்து இறக்கி, படங்குக் கம்புகளின் அடியில் வைத்தேன். படங்கு அடங்கியது. ஐந்து பேர் நின்று வாசிக்கப் போகிறோம், நெல்லா ஏற்றப் போகிறோம் என்று நினைத்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், மூடை எதற்காக அங்கே இருந்தது என்பதை அந்த நேரம் நான் நினைக்கவே இல்லை. என் சாமான் வெயிலில் காய்கிறது என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

நவ்பர் தன் அம்ப்ளிபயர்களை என் பெட்டியின் கீழே, சில்லுக்குப் பின்னால் நிழலில் வைத்திருந்தான். வெயில் பட்டால் அவை சூடாகி நின்றுவிடும். மிக்சர் மேசை எதிரே முப்பதடி தள்ளி ஒரு பூவரச மரத்தின் கீழே இருந்தது. இரண்டுக்கும் அவன் ஒருவன். மிக்சரைச் சரிக்கட்டிவிட்டுப் பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு, அம்ப்ளிபயருக்கு அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருப்பான். ஏதும் பிழைத்தால் மரத்தடிக்கு ஓடுவான்.

நாங்கள் தொடங்கி நாலைந்து பாட்டுக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒன்பது இளைஞர்கள் நாங்கள் மேடை ஏறும் முன்பே என் பெட்டியின் முன்பக்கத்து ஓரத்தில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெற்றி பெற்ற அணிக்காரர்கள், கிண்ணமும் அவர்கள் மடியில். வேறு நாளென்றால் இறங்கச் சொல்லியிருப்போம். அன்றைக்கு அவர்களை யார் இறக்குவது?

கடைசிப் பாட்டு எங்களுடைய சொந்தப் பாட்டு. அது எப்படிப் போகும் என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கும். நடுவில் கோரஸ் இரண்டு தரம் வரும். பிறகு அமைதியாக ஒரு பகுதி. அதன் முடிவில் நான் பல கட்டைகளை ஒன்றாக அழுத்தி நாலு கோட்ஸ் ஏறு வரிசையில் வாசிப்பேன். அதுதான் அடையாளம். அது கேட்டதும் ஜெயந்தன் கையைத் தூக்கி, "எறங்கி வாங்க!" என்று கூப்பிடுவான். மேலே இருக்கிறவன், தூரத்தில் நிற்கிறவன், எல்லோரும் மேடைக்கு முன்னால் குதித்து வந்து ஆடுவார்கள். அந்தக் கூப்பிடுதலுக்காகவே எங்களைக் கேட்டு வருகிற ஆட்கள் இருந்தார்கள்.

முதல் கோரஸ் வந்தது. ஓரத்தில் இருந்த இளைஞர்கள் எழும்பி நடுப்பக்கமாக இரண்டடி வந்து துள்ளினார்கள். என் கீபோட் ஸ்டாண்டின் ஒரு கால் ஒரு பெட்டியிலும் மற்றக் கால் அடுத்த பெட்டியிலும் நின்றது. கீபோட் சரிகிறது என்று விரலுக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு பெட்டியும் சேருகிற இடத்தில் என் பக்கத்துப் பலகை இரண்டு விரல் கீழே போயிருந்தது. கோரஸ் முடிந்து அவர்கள் திரும்பிப் போய் ஓரத்தில் உட்கார்ந்ததும் பலகை மேலே வந்து சமனாகிவிட்டது.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பலகை ஆடுகிறது என்றுதான் எண்ணினேன்.

இரண்டாவது கோரஸில் நான் அவர்களையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அவர்களுக்குப் பின்னால் கடல் தெரிந்தது. அவர்கள் எழும்பி நடுவுக்கு வர, வெறுமையான அந்த ஓரப் பலகை மெல்ல மேலே கிளம்பிக் கடலை மறைத்தது. என் காலடியில் பலகை ஒரு சாண் இறங்கியது. அவர்கள் உட்கார்ந்தார்கள். கடல் திரும்பத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எடுத்த மூடைகளின் வேலையை அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் இருக்கும் வரைக்கும்தான் பெட்டி நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து இறங்கினால் பின்பக்கம் முழுதாக மணலில் குத்தும். அதற்குக் கீழே நவ்பர் படுத்திருக்கிறான். அவர்களைக் குதிக்க வைக்கிற நாலு கோட்ஸும் என் கையில்.

நிறுத்திவிட்டு மைக்கில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மைக்கில், கீழே ஆள் இருக்கிறான், ஆடாதீங்க என்று சொன்னால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? என்னவென்று பார்க்க முதலில் குதிப்பார்கள். பாட்டு பாதியில் நின்றாலும் அதேதான். கரண்ட் போய்விட்டது என்று கத்திக்கொண்டு இறங்குவார்கள். ஆகவே பாட்டு நிற்கவும் கூடாது, கோரஸுக்குப் போகவும் கூடாது.

அமைதியான பகுதி வந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வாசித்தேன். நாலு கோட்ஸ் வர வேண்டிய இடத்தில் வாசிக்காமல் திரும்பவும் தொடக்கத்துக்குப் போனேன். ஜெயந்தன் தலையைத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு சுற்றுப் பாடினான். அதன் முடிவிலும் நான் வாசிக்கவில்லை. அவன் கிற்றாரோடு என் பக்கம் வந்து, மைக்குக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"என்னடா மச்சான், நித்திரையா? கோரஸக் குடுடா."

"கொஞ்சம் பொறு. நவ்பர் கீழ."

"நவ்பர் எப்பயும் கீழதானே."

திரும்பிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணூறு பேர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னதும் அரைகுறை.

நவ்பரை வெளியே எடுக்க வேண்டும். யோசித்தேன். ஒரு வாத்தியத்தின் சத்தம் செத்துவிட்டால் அவன் எழும்பி வருவான். அதனால் என் கீபோட்டின் சத்தத்தை நானே முழுக்கக் குறைத்துவிட்டு, சத்தமில்லாமல் கையை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிற்றாரும் டிரம்மும் போய்க்கொண்டிருந்தன.

பிள்ளைகளே, அதுதான் நான் அன்றைக்குச் செய்த இரண்டாவது பிழை. பலகை இடைவெளிக்குள் போன் வெளிச்சம் ஒன்று அசைந்து வந்தது. என் கீபோட் வயர் வந்து சேருகிற சின்ன இணைப்புப் பெட்டி என் காலுக்கு நேர் கீழே இருந்தது. சத்தம் செத்தவுடன் அவன் வெளியே போகவில்லை. ஊர்ந்து அங்கே வந்துவிட்டான். இடைவெளிக்குள் அவனுடைய நெற்றியும், வியர்வையில் ஒட்டியிருந்த தலைமயிரும் தெரிந்தன. சில்லுப் பக்கம் இருந்தவனை நானே இழுத்துக்கொண்டு வந்து, பலகை குத்தப் போகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

சத்தத்தைத் திரும்பக் கூட்டினேன். வயரைத் தான் அசைத்ததால்தான் சரியாகியது என்று அவன் நினைத்தான் போல. அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டான்.

காலால் பலகையை உதைத்தேன். பாட்டுக்குக் கால் தட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். ஓரத்தில் ஒரு இளைஞன் பொறுமை இழந்து எழும்பினான். பலகை கொஞ்சம் இறங்கியது. பக்கத்தில் இருந்தவன் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். கூட்டம் முழுக்க, "எறங்கட்டா? எறங்கட்டா?" என்று ஜெயந்தனைக் கேட்கத் தொடங்கிவிட்டது. என் விரல்கள் பிழையான கட்டைகளில் எல்லாம் விழுந்தன. யா அல்லாஹ், இவனை எதைக் கொண்டு எழுப்புவது?

நவ்பருக்கு ஒரு குணம். வயர் பிழைத்தால் நிதானமாகப் பார்ப்பான். மைக் கூவினால் பொறுக்க மாட்டான். ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் 'கூ' என்று கத்துமே, அதைக் கேட்டால் தன்னுடைய மானமே போய்விட்டது என்று ஓடுவான். அதை அடக்குகிற இடம் மிக்சர். மிக்சர் மரத்தடியில்.

எனக்கு முன்னால், கோரஸுக்குக் கூடச் சேர்ந்து பாட ஒரு மைக் இருந்தது. இடது கையால் அதைப் பிடித்துத் திருப்பி, எங்கள் பக்கம் பார்த்து வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரின் வாய்க்குள் கொண்டுபோய் வைத்தேன்.

அப்படி ஒரு கூவலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. ஓரத்தில் இருந்த இளைஞர்களும் காதைப் பொத்திக் குனிந்தார்கள். ஆனால் உட்கார்ந்தபடிதான். பிறகு எல்லோரும் சேர்ந்து எங்களுக்குக் கூக்காட்டத் தொடங்கினார்கள். ஜெயந்தன் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. நான் மைக்கை எடுக்கவில்லை.

இடைவெளிக்குள் வெளிச்சம் அணைந்தது. அவன் கிளம்பிவிட்டானா, வெளிச்சத்தை மட்டும் அணைத்தானா என்று தெரியவில்லை. கீழே இருட்டு.

ஜெயந்தன் இனிப் பொறுக்கவில்லை. கூக்காட்டுகிற கூட்டத்தைத் திருப்ப அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. என் நாலு கோட்ஸுக்குக் காத்திராமல் கையைத் தூக்கினான்.

"எறங்கி வாங்க!"

வேண்டாம் என்று நான் கத்தினேன். என் மைக் ஸ்பீக்கரின் வாயில் இருந்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒன்பது பேரும் ஒன்றாகக் குதித்தார்கள்.

நீங்கள் வீடியோவில் பார்ப்பது இதற்குப் பிறகுதான். பின்பலகை மணலில் குத்தியது. கீபோட் என் நெஞ்சில் வந்து மோதியது, நான் பேஸ் கிற்றார்காரன் மேல் விழுந்தேன், டிரம் உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. நான் எழும்பாமல் பலகையில் முகத்தை வைத்து நவ்பர், நவ்பர் என்று கூப்பிடுவது அந்த வீடியோவில் இருக்கிறது. சத்தத்தில் அது கேட்காது. அடிபட்டு அழுகிறேன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பலகையின் ஓரத்தில், மணலில் பாதி புதைந்து, ஒரு ரப்பர் செருப்பு மட்டும் தெரிந்தது. அவனுடையது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று பெரிய ஸ்பீக்கர் இரண்டிலும், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி நவ்பரின் குரல் வந்தது.

"எந்த மடையன்டா மைக்கக் கொண்டு ஸ்பீக்கருக்குள்ள வெச்சவன்?"

மரத்தடியில், ஒரு காலில் செருப்பில்லாமல் நின்று, கையில் மிக்சர் மைக்கை வைத்துக்கொண்டு ஏசினான். கூட்டம் இன்னும் சிரித்தது. நான் அந்தப் பலகையிலேயே நெற்றியை வைத்து சுஜூது செய்தேன்.

பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். கோரஸை ஏன் கொடுக்கவில்லை, மைக்கை ஏன் திருப்பினேன் என்று. ஜெயந்தன் தலையில் கை வைத்து மணலில் குந்திவிட்டான். நவ்பர் பலகைக்குக் கீழே நசுங்கிக் கிடந்த ஒரு அம்ப்ளிபயரைப் பார்த்தான். பிறகு என்னைக் கட்டிப் பிடித்தான். கழகத்துத் தலைவர் என் முதுகைத் தட்டி, என்ன மூளை தம்பி உங்களுக்கு என்றார். டிரம் வாசிக்கிற தம்பி, மூத்தவன் என்று என்னைக் காக்கா என்பவன், காக்கா இல்லாட்டி இண்டைக்கு மையத்தத்தான் தூக்கியிருப்பம் என்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அப்போதுதான் பெட்டிக்காரர் வந்தார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து மூடை எங்கே என்று கேட்டார்.

நவ்பர்தான் பதில் சொன்னான். "ஏறி இருந்தானுகளே, அவனுகள் தள்ளி விட்டிருப்பானுகள்."

பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். தான் யாரிடம் சொன்னார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த இளைஞர்கள் கிண்ணத்தோடு போய்விட்டார்கள். அவர்கள் மேல் போட்டுவிட்டால் அது அங்கேயே முடிந்துவிடும்.

பாட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்த நேரம் பெரிய சோதனை என்று நினைக்காதீர்கள். அங்கே யோசிக்க நேரமில்லை, பயம் என்னை இழுத்துக்கொண்டு போனது. இங்கே யோசிக்க நேரம் இருந்தது. என் தோளில் நவ்பருடைய கை இருந்தது. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருக்கட்டுமே என்று மனம் சொன்னது.

"மூடைய எடுத்தது நான்தான்" என்றேன். "படங்குக்கு வெச்சன். கீபோட்டுல வெயில் விழுந்திச்சி."

நவ்பர் கையை எடுத்தான். ஏசுவான் என்று பார்த்தேன். ஏசவில்லை. மணலைக் கிண்டித் தன் செருப்பை எடுத்து, தட்டிப் போட்டுக்கொண்டு, வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். எங்கள் வேனில் அவன் ஏறவில்லை. றோட்டுக்குப் போய் பஸ்ஸை மறித்து ஏறினான்.

அடுத்த மூன்று நிகழ்ச்சிக்கும் அவன் வரவில்லை. வேறு ஆளை வைத்துச் செய்தோம். அவன் வீட்டுக்குப் போனேன், வாசலில் நின்று கதைத்தான், உள்ளே வரச் சொல்லவில்லை. நசுங்கிய அம்ப்ளிபயருக்குப் பதில் ஒன்று வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டான், அன்றைய கதையை எடுக்கவில்லை.

நாலாவது நிகழ்ச்சி கல்முனைக் கடற்கரைப் பக்கம். அதற்கும் மேடை இரண்டு மெசின் பெட்டிதான். ஆட்கள் வரும் முன்பே நான் வெள்ளணப் போய் கீபோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து யாரோ பலகையில் தட்டினார்கள். குனிந்து பார்த்தால் நவ்பர்.

"எறங்கு" என்றான்.

இறங்கினேன். பெட்டிக்குக் கீழே கையைக் காட்டினான்.

"உள்ளுக்குப் போய்ப் படு."

படுத்தேன். அவன் மேலே ஏறி என் கீபோட்டுக்குப் பின்னால், நான் நிற்கிற இடத்தில் போய் நின்றான். ஒரு அடி இந்தப் பக்கம் வைத்தான், ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தான். அவன் கால் வைக்கிற நேரமெல்லாம் பலகைத் தூசு என் கண்ணில் விழுந்தது. நாலு விரல் இடைவெளியில் அவனுடைய பாதம் மட்டும் தெரிந்தது.

"என்ன தெரியிது?"

"கால்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியிற" என்றான். "ஒன்ட வாசிப்பு நல்லமா கூடாதா எண்டெல்லாம் அங்க கெடக்கிறவனுக்குத் தெரியா. கால் எங்க நிக்கிது எண்டு மட்டும்தான்."

எழும்பச் சொன்னான், எழும்பி வந்தேன். அவன் இறங்கி இரண்டு பெட்டியின் முன்பக்கமும் போய் மூடைகளைத் தன் கையாலேயே ஒருமுறை அசைத்துப் பார்த்தான். நானும் அவன் பின்னால் போய் அசைத்துப் பார்த்தேன்.

என் வேலைக் காலம் முடியும் வரைக்கும் எந்த மேடையானாலும், கீபோட்டை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் நான் ஒருமுறை மேடைக்குக் கீழே போய்ப் படுத்துப் பார்த்திருக்கிறேன். நீங்களும் படுங்கள். உடுப்பு ஊத்தையானால் தட்டிவிடலாம். மேடைக்குக் கீழே இருக்கிற ஆளின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை விட்டால், ஆட்கள் உங்கள் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர்கள் கையை எடுத்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டம்.

நவ்பர் என்னை மன்னித்தானா என்று நான் இன்றுவரைக்கும் கேட்டதில்லை. கல்முனையில் அன்றைக்குப் பின்னேரம் ஆட்கள் வரத் தொடங்கியதும், அவன் அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்து போய், என் காலுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டான்.